‘போதும்’ என்று சொல்லும் தகடு

பழுதுபட்டு நின்றுபோன ஒரு கருவி மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டால், அதன் பழுது நீங்கிவிட்டது என்று சொல்லலாமா? பார்வைக்கு இது எளிய கேள்வி. ஓடாதது ஓடுகிறது, வேறென்ன வேண்டும் என்று பலரும் கேட்பர். ஆயினும் சற்று நின்று எண்ணிப் பார்த்தால், வீட்டு மூலையில் கிடக்கும் பழைய மின்கருவியைப் பற்றிய இக்கேள்வி, நம் மனச்சான்றைப் பற்றியும் நம் சமூக வாழ்வைப் பற்றியும் எழும் கேள்வியாகவே வளர்ந்து நிற்பதைக் காண்போம்.

நாம் வாழ்வது வெப்பத்துக்குக் குறைவில்லாத மண். இரும்பைக்குக் கிழக்கே சில கல் தொலைவில் வங்கக் கடல். வடக்கே கடற்கரைச் சாலையில் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். பாத்திகளில் நின்று உப்பு வாருவோரின் பாதங்களைக் கேட்டால் வெயிலின் இலக்கணத்தை அவை சொல்லும். இப்படிப்பட்ட ஊரில் அறையைச் சூடாக்கும் மின்சார ஹீட்டர் யாருக்குத் தேவை? உதகையிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் வாழ்வோருக்கும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறிய நம் மக்களுக்கும் அது குளிர்காலத் துணை. நமக்கோ அது காட்சிப் பொருள். ஆனால் அந்த ஹீட்டரின் உயிர்நிலையாகிய உறுப்பு இந்தக் கரையிலும் ஏறக்குறைய வீடுதோறும் இருக்கிறது. நம் இஸ்திரிப் பெட்டிக்குள்ளும் அதுவே அமர்ந்திருக்கிறது. அதன் பெயர் தெர்மோஸ்டாட்.

தானே வளையும் தகடு

தெர்மோஸ்டாட் என்பது வெப்பத்தைக் குறித்த அளவில் நிறுத்தி வைக்கும் கருவி. கிரேக்க வேர்களைக் கொண்ட இப்பெயரை 1830-இல் ஸ்காட்லாந்து நாட்டு வேதியியலார் ஆண்ட்ரூ யூர் தாம் காப்புரிமை பெற்ற கருவிக்குச் சூட்டினார். ஆனால் அதன் அடிப்படை அதற்கும் முந்தியது. கடற்பயணத்துக்குரிய துல்லியமான கடிகாரத்தைச் செய்ய வாழ்நாள் முழுவதும் உழைத்த ஆங்கிலேயத் தச்சர் ஜான் ஹாரிசன், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரு வேறு உலோகங்களை ஒன்றாகப் பிணைத்த பட்டையைத் தம் மூன்றாம் கடிகாரத்தில் பொருத்தினார். சூட்டினால் கடிகாரத்தின் ஓட்டம் பிழைபடாமல் அப்பட்டை காத்தது.

பழைய ஹீட்டர்களிலும் இருப்பது இந்த ஈருலோகப் பட்டையே. ஒரு பக்கம் அதிகம் விரியும் உலோகம், பித்தளை போன்றது. மறுபக்கம் மிகக் குறைவாக விரியும் உலோகம், இன்வார் என்னும் இரும்பு நிக்கல் கலவை போன்றது. நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள பித்தளை, வெப்பம் நூறு பாகை உயர்ந்தால், ஏறக்குறைய 0.19 மில்லிமீட்டர்தான் நீளும். இன்வார் அதில் பத்தில் ஒரு பங்குகூட நீளாது. ஒன்று நீள, மற்றது நீளாதிருக்க, பிணைந்த இரண்டும் வளைகின்றன. அந்தச் சிறு வளைவினால் இரு தொடுமுனைகள் பிரிகின்றன, மின்னோட்டம் நிற்கிறது. அறை குளிர்ந்ததும் பட்டை நிமிர்கிறது. முனைகள் மீண்டும் சேர்கின்றன. முடியளவு வேறுபாடுதான், ஆயினும் 2000 வாட் நெருப்பை அது ஆள்கிறது!

இதனால் மனிதர்க்கு விளைந்த நன்மையை அறிய ஒரு செய்தி போதும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன் என்பவரின் பள்ளியில், பணியாளர் ஒருவர் வகுப்புதோறும் சென்று வெப்பம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, நிலவறைக்கு இறங்கிச் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருந்தது. அந்த நடைக்கு மாற்றாக ஜான்சன் அமைத்த மின்சாரத் தெர்மோஸ்டாட் 1883-இல் காப்புரிமை பெற்றது. ஆக, தெர்மோஸ்டாட் என்பது நமக்குப் பதிலாக விழித்திருக்கும் பணியாளர். நாம் உறங்கும்போதும் நமக்காக எழுந்து, ‘இது போதும்’ என்று சொல்லி நிறுத்துவதே அதன் ஊழியம்.

பழுது வரும் வழி

இவ்வூழியம் தேய்மானம் இல்லாதது அன்று. 230 வோல்ட்டில் இயங்கும் 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. தொடுமுனைகள் பிரியும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய பொறி ஒன்று தெறிக்கிறது. ஆண்டுக்கணக்கில் தெறிக்கும் பொறிகளால், மெக்கானிக்குகள் ‘பாயிண்ட்’ என்று அழைக்கும் அம்முனைகள் குழி விழுந்து கருகுகின்றன. கடற்கரையிலோ உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. உப்பு ஈரத்தை ஈர்க்கும். ஈரம் உலோகத்தை அரிக்கும். நம் பகுதியில் கதவுத் தாழ்ப்பாள் முதல் மிதிவண்டிச் சங்கிலி வரை எல்லாமே இவ்வுண்மைக்குச் சாட்சி.

பழுது இருவகையில் வெளிப்படும். கரி படிந்த முனைகள் மின்னோட்டத்தை விடாமல் தடுத்தால், ஹீட்டர் சூடாகாது. பொறியினால் உருகிய முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், ஹீட்டர் நிற்காது. முதல் பழுது உடனே தெரியும். குளிரில் நடுங்குபவர் முறையிடுவார். இரண்டாம் பழுதை எவரும் முறையிடுவதில்லை. ‘இப்போதெல்லாம் நன்றாகச் சூடாகிறது’ என்று மகிழ்பவர்கூட உண்டு. எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும் பழுதே பெரும் பழுது என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்வோம்.

நேர்மையான பழுதுபார்ப்பு பொறுமையைக் கேட்கிறது. இணைப்பைப் பிடுங்கி, கருவி முற்றும் ஆறிய பின்னரே அதைத் திறக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் குமிழைக் கூட்டினால் முனைகள் சேர வேண்டும். குறைத்தால் ‘டிக்’ என்ற ஒலியோடு பிரிய வேண்டும். சேர்ந்திருக்கையில் தடை ஏறக்குறைய சுழியமாக இருக்கிறதா என்று மீட்டரால் பார்க்கலாம். மெல்லிய களிம்பு மட்டும் படிந்திருந்தால் கவனமாகத் துடைத்தெடுக்கலாம். குழி ஆழமாகியிருந்தாலோ, முனைகள் ஒட்டிப்போயிருந்தாலோ தேய்த்துப் பயனில்லை. அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே வெப்ப எல்லை கொண்ட புதிய தெர்மோஸ்டாட்டைத்தான் பொருத்த வேண்டும். எர்த் இணைப்பு உறுதியாக உள்ளதா, கம்பிகளின் மேலுறை பொரிந்திருக்கிறதா, கூடுதல் காவலாக வைத்த வெப்ப ஃபியூஸ் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்பனவற்றையும் பார்த்த பின்னரே மூடவேண்டும். நாள்பட்ட சில ஹீட்டர்களின் உள்ளே கல்நார் வைத்திருப்பர். அத்தகையதைத் திறவாமலே விட்டுவிடுவது அறிவு.

குறுக்கு வழி

இவ்வளவும் செய்ய நேரம் வேண்டும். சரியான உறுப்பும் கிடைக்க வேண்டும். அதனால்தான் ஒரு குறுக்கு வழி பிறந்தது. தெர்மோஸ்டாட்டுக்கு வரும் கம்பியையும் அதிலிருந்து போகும் கம்பியையும் நேராக முறுக்கி இணைத்துவிட்டால் போதும். ஹீட்டர் உடனே சிவந்து எரியும். இதை நம் பக்கத்தில் ‘டைரக்ட் கொடுப்பது’ என்பர். பத்து நிமிட வேலை. வாடிக்கையாளரும் மகிழ்வார். ஆனால் ‘போதும்’ என்று சொல்ல அந்தக் கருவியில் அதன்பின் எதுவும் இல்லை.

நம் பகுதியில் ஒரு சிறு பழுதுபார்ப்புக் கடையில் நாம் கேட்ட உரையாடல் இது. குன்னூரில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவர் பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது, பழைய ஹீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தார். “அண்ணே, தெர்மோஸ்டாட் எல்லாம் வேணாம். டைரக்டா குடுத்துடுங்க. ஓடினாப் போதும், நாளைக்கு ஊருக்குக் கெளம்பணும்” என்றார். கடைக்காரர் ஹீட்டரைத் திருப்பிப் பார்த்தபடியே, “இது யாரு ரூமுக்கு தம்பி?” என்று கேட்டார். “அம்மாவுக்குத்தான். குளிரு தாங்க மாட்டேங்குறாங்க.” “ராத்திரி அவங்களே எழுந்து சுவிட்ச அணைப்பாங்களா?” வந்தவர் சற்றே தயங்கி, “அவங்களால எழுந்திரிக்க முடியாதுண்ணே” என்றார். கடைக்காரர் சொன்னார்: “அப்ப இதுதான அவங்களுக்காக எழுந்து அணைக்கணும்?”

அவர் டைரக்ட் கொடுக்கவில்லை. புதுச்சேரியிலிருந்து உறுப்பு வரும்வரை இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னார். வந்தவரும் முகம் சுளித்தாலும், பயணத்தைத் தள்ளி வைத்துக் காத்திருந்தார்.

அறநெறி இறையியலில் நாம் கற்ற ஒரு பாடம் இங்கே நினைவுக்கு வருகிறது. விற்பவன் தன் பொருளில் உள்ள குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்ற வினாவைப் புனித தோமா அக்குவினா எழுப்புகிறார். குறை வெளிப்படையாகத் தெரிந்தால், எடுத்துக்காட்டாகக் குதிரைக்கு ஒரு கண் இல்லை என்றால், வாங்குபவரே அதைக் கண்டுகொள்ளலாம். ஆனால் குறை மறைந்திருந்து, அதனால் வாங்குபவருக்கு ஆபத்தோ இழப்போ நேருமானால், அதைச் சொல்லாமல் விற்பது அநீதி என்பது அவர் முடிவு. இடிந்து விழக்கூடிய வீட்டை உறுதியானது என்று விற்பதை அவர் சுட்டுகிறார். ‘டைரக்ட்’ கொடுத்த ஹீட்டர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் குறை மறைந்திருக்கிறது. அதுமட்டுமா, நிறைவாகவே தோற்றம் தருகிறது. முன்னைவிட நன்றாக எரிகிறதே!

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். வாடிக்கையாளரே கேட்டுக்கொண்டபின் கடைக்காரருக்கு என்ன பொறுப்பு? விவரம் தெரிந்தே ஒருவர் தமக்குத் தீங்கை வருவித்துக்கொண்டால் அது அவர் பாடு அல்லவா? ஆனால் கேட்டவர் மகன். அறையில் படுத்திருப்பவர் தாய். ஒப்புதல் தந்தவர் ஒருவர். ஆபத்தைச் சுமப்பவர் மற்றொருவர். நம் வீடுகளிலும் நாட்டிலும் நிகழும் பெரும்பாலான குறுக்கு வழிகளின் இயல்பு இதுவே. ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைக் கட்டுகிறோம். கீழ் அறையில் தூங்கும் குழந்தையை யாரும் கேட்பதில்லை. குக்கரின் காப்பு வால்வு அடிக்கடி போகிறதென்று ஏதோ ஒன்றை அடைத்து வைக்கிறோம். அடுப்படியில் நிற்பவரை யாரும் கேட்பதில்லை. ‘அந்த அறையில் யார் இருக்கிறார்?’ என்ற கடைக்காரரின் கேள்வியே அறநெறியின் முதற் கேள்வி.

பொறுப்பு யாருடையது?

எனினும் பழியைப் பழுதுபார்ப்பவர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் நல்லவர்களாகிவிட இயலாது. அவர் ஒரு மணி நேரம் குனிந்து உழைத்துப் பழுதைக் கண்டுபிடித்தால், ‘சும்மா துடைத்ததற்கு இவ்வளவா?’ என்று பேரம் பேசுபவர்கள் நாம். மாற்றிய உறுப்புக்குப் பணம் கொடுப்போம். செலவிட்ட அறிவுக்கும் கவனத்துக்கும் கொடுக்க மனம் வராது. நேர்மையான வேலைக்கு உரிய கூலியை மறுக்கும் சமூகம், குறுக்கு வழியைத் தானே கேட்டு வாங்குகிறது. அந்தக் கம்பிகளை முறுக்கிய விரல்களில் நம் விரல்களும் உண்டு.

இன்னொரு புறம், பழுதுபார்க்கவே இயலாதபடி பொருள்களைச் செய்யும் போக்கும் வளர்ந்துவிட்டது. திருகாணி இல்லாமல் ஒட்டி மூடிய பெட்டிகளும், தனியாகக் கிடைக்காத உறுப்புகளும் ஏழையை இரு வாயில்களுக்கு நடுவில் நிறுத்துகின்றன. ஒன்று, புதிதாக வாங்கு. அல்லது, டைரக்ட் கொடு. இதனை உணர்ந்தே ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்ற குரல் பல நாடுகளில் எழுந்தது. இந்தியாவில் நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2022-இல் இதற்கென ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் நாளில், ஒரு தகவல் தளத்தையும் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இதற்குச் சட்ட நெறியையே இயற்றியது. தூக்கியெறியும் பண்பாட்டைக் குறித்துத் திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் தம் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் எச்சரித்ததும் இங்கே நினைக்கத் தக்கது. உரிய உறுப்பு உரிய விலையில் கிடைக்குமானால் குறுக்கு வழிக்கான சாக்குகளில் பாதி மறைந்துவிடும். மறுபாதி நம் உள்ளத்தில்தான் இருக்கிறது.

உள்ளத்தின் தகடு

நம் உள்ளத்திலும் இத்தகைய ஒரு தகடு உண்டு. நாம் அறிந்த நன்மையை, நாம் செய்யப்போகும் இந்தச் செயலுக்குப் பொருத்திப் பார்ப்பதே மனச்சான்று என்பார் தோமா அக்குவினா. கோபம் சூடேறும்போதும், பேராசை சிவந்து எரியும்போதும், ‘போதும்’ என்று சொல்லி இணைப்பைத் துண்டிப்பது அது. அதற்கும் கரி படியும். தீய பழக்கத்தினால் மனச்சான்று சிறிது சிறிதாகப் பார்வை இழந்துவிடக் கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் குறிப்பிட்டது. முதல் கையூட்டின்போது தெறித்த பொறி நெஞ்சைச் சுட்டது; பத்தாவதற்கு ஒன்றும் தெரியவில்லை. முனைகள் ஒட்டிக்கொண்டன. வாழ்க்கை முன்னைவிட நன்றாகவே ‘ஓடுகிறது’. ‘அவர் எவ்வளவு திறமையாக முன்னேறிவிட்டார்!’ என்று ஊரும் வியக்கிறது.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டென்பதை மறக்கலாகாது. அறை சூடேறும் முன்பே அணைந்துவிடும் தெர்மோஸ்டாட்டினால் பயனில்லை. எதைச் செய்தாலும் பாவமோ என்று அஞ்சி நடுங்கும் உள்ளமும் அவ்வாறே. அத்தகையவர்க்கு ‘இன்னும் கடுமையாக இரு’ என்று அறிவுறுத்துவது கொடுமை. நல்ல தெர்மோஸ்டாட் அணையும் அளவுக்கும் மீண்டும் சேரும் அளவுக்கும் இடையே சிறிது இடைவெளி வைத்தே அமைக்கப்படுகிறது. அந்த இடைவெளி இல்லையேல், முனைகள் ஓயாமல் சேர்ந்தும் பிரிந்தும் விரைவில் எரிந்துபோகும். மனச்சான்றுக்கும் பெருமூச்சு விட இடம் வேண்டும்.

மேலும், தெர்மோஸ்டாட் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ள முடியாது. அது காட்டும் இருபது பாகை உண்மையில் இருபதுதானா என்று அறிய, வெளியே மற்றொரு வெப்பமானி வேண்டும். இதை நம் உப்பளத் தொழிலாளர்கள் நன்கு அறிவர். கடல்நீரின் செறிவை மானியால் அளந்தால் ஏறக்குறைய 3.5 போமே பாகை காட்டும். வெயிலில் வற்றி 25 பாகையை நெருங்கும்போதுதான் உப்பு பூக்கும். 30 பாகையை எட்டினால் மக்னீசிய உப்புகள் மிகுந்து நீர் கசப்பாகிவிடும்; அதற்குள் உப்பை வாரி, கசப்பு நீரை வெளியேற்ற வேண்டும். முந்தினால் உப்பில்லை, பிந்தினால் கசப்பு. அனுபவம் முதிர்ந்தவரும் மானியை நீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை இழுக்காகக் கருதுவதில்லை. நம் மனச்சான்றையும் இறைவார்த்தையோடும், நம்மைக் கடிந்துகொள்ளத் துணிந்த நண்பரோடும், நம்மால் பாதிக்கப்பட்டவரின் முகத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க நாம் ஏன் நாணவேண்டும்?

மறைக்காத ஒட்டு

இரும்பை மாகாளேசுவரர் கோயிலைப் பற்றி ஊரார் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கடுவெளிச் சித்தரின் கடுந்தவத்தில் எழுந்த வெம்மையால் மழை பொய்த்து நாடு வறண்டதாம். தவம் கலைக்கப்பட்டது, பின்னர் மக்கள் நகைத்தபோது சித்தர் சினந்தார், அவர் சொல்லால் இலிங்கம் பிளந்தது என்பர். நம் சமய மரபு வேறாயினும், இக்கதையில் பொதிந்துள்ள மானிட உண்மை நமக்கும் உரியது. தவம் போன்ற உயர்ந்த செயலாயினும், அதன் வெம்மைக்கு ஒரு மட்டுத்திட்டம் வேண்டும். சுற்றியிருப்போர் வாடுவதை அது உணரவேண்டும். இன்னொன்றும் கருதத் தக்கது. பிளந்த கல்லை ஊரார் தூக்கியெறியவில்லை. செப்புத் தகட்டால் பிணைத்து இன்றளவும் வழிபடுகின்றனர். பிளவு மறைக்கப்படவில்லை, பிணைப்பும் மறைக்கப்படவில்லை.

நேர்மையான பழுதுபார்ப்பின் அடையாளம் இதுவே. என்ன உடைந்தது, எது மாற்றப்பட்டது, எது இன்னும் நலிவாக உள்ளது என்பதை அது ஒளிக்காமல் சொல்லும். சில வேளைகளில் ‘இதை இனிப் பழுதுபார்க்க இயலாது, இதனால் உயிருக்குத் தீங்கு’ என்று சொல்வதும் அந்த நேர்மையின் பகுதியே. பழையதைக் காப்பது நற்பண்புதான். ஆனால் அதனினும் மேலானது, அதனருகில் உறங்கும் உயிரைக் காப்பது.

எனவே, அன்பர்களே, அடுத்த முறை பழுதுபட்ட ஒரு கருவியையோ, உறவையோ, நிறுவனத்தையோ சரிசெய்ய முற்படும்போது, ‘இது மீண்டும் ஓடுமா?’ என்று மட்டும் கேட்டு அமையாதிருப்போம். ‘இது நிற்க வேண்டிய இடத்தில் நிற்குமா?’ என்றும் கேட்போம். ஓட வைக்கும் விரல்கள் எங்கும் உண்டு. அந்தச் சிறு தகட்டை அதன் இடத்தில் மீண்டும் பொருத்தி, அதற்கான காலத்தையும் கூலியையும் மனமுவந்து தருபவரால்தான் உலகின் இல்லங்கள் இரவில் அமைதியாக உறங்குகின்றன.